கடைசியில் நாக்கில் நிற்கும் ருசி

என் நாக்குக்கு ஜவ்வாது மலையில் ஒரு மரியாதை உண்டு. எங்கள் மகளிர் குழுவுக்கு வரும் புளியை வாங்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று சொல்வது நான்தான். போளூர் வியாபாரிகள்கூட "மல்லிகாக்கா வாயில வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். பழைய புளியைப் புதுசாகக் காட்டுவதற்கு வெல்லப்பாகு விட்டுப் பிசைந்து கொண்டுவருகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, நாக்கு சொல்லிவிடும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். ஆனால் அந்த நாக்குதான் என்னை வேலூரில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இடது காலைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்தது. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவில் தினம் ஒருத்தி கேட்கிறாள். "சர்க்கரையே துன்னாத உனுக்கு எப்படிக்கா கால்ல புண்ணு வந்துச்சு?" ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இனிமேல் கேட்கிறவர்களிடம் இந்தத் தாளைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

சர்க்கரை வியாதி எனக்கு இருப்பது ஊரில் நடந்த ஒரு முகாமில்தான் தெரிந்தது. பிரஷர் பார்க்கப் போனவளுக்கு விரலைக் குத்தி இதையும் சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்த நர்ஸம்மா பொறுமையாக விளக்கினார். நாம் சாப்பிடுவது சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை எடுத்து உடம்புக்குள் சேர்க்க இன்சுலின் என்று ஒன்று உள்ளே சுரக்க வேண்டும். அது குறைந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ, சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிப்போகும். தங்கினால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கெடுக்கும். மாத்திரை கொடுத்தார். இனிப்பைத் தொடாதீங்க, அரிசியைக் குறைச்சு சாமை சாப்பிடுங்க, நடங்க என்றார். நடப்பதைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஜீப்பே ஏறாது. உப்பு வாங்கினாலும் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறித்தான் வர வேண்டும்.

நான் ஒன்றைச் செய்கிறேன் என்றால் முழுசாகச் செய்கிற ஆள். வீட்டுக்கு வந்த அன்றே சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். டீ கசப்பாக. தேன் கிடையாது. பலா பழுத்து ஊரே மணந்த நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். என் வீட்டுக்காரர் வெள்ளையன் ஒரு வாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயை வாங்கும்போது, "எனுக்கும் சக்கரை வாணாம்" என்றார்.

"உனுக்கு இன்னாய்யா வந்துச்சு?"

"ஒண்ணும் வர்ல. நீ கசப்பா குடிக்கச்சொல்லோ நான் மட்டும் எதிர்ல உக்காந்து இனிப்பா குடிக்கிறது நல்லா இல்ல."

இது ஊருக்குத் தெரிந்து, டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. அவர் பாட்டுக்குக் கசப்பு டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருவார். அதிகம் பேசமாட்டார். செய்வதை மட்டும் செய்வார்.

இனிப்பு போனதும் எனக்கு வாய் செத்துப்போனது. சாமைச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. புளி சீசனில் வேறு, பொழுது விடிந்தால் மரத்தடிக்குப் போய்விடுவோம். உலுக்குவது, பொறுக்குவது, ஓடு தட்டுவது, கொட்டை எடுப்பது என்று பொழுது போய்விடும். குழம்பு வைக்க யாருக்கும் நேரம் இருக்காது. வெறும் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். இவர் மூட்டையோடு போளூர் போன ஒரு நாள், அங்கே ஒரு கடையில் சமோசாவுக்குச் சிவப்பாக ஒன்றை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புளிப்பும் காரமுமாக இருந்ததாம். அது என்னவென்று கேட்டு, அதே தக்காளி சாஸில் ஒரு பாட்டில் வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இனிப்பு கிடையாதாம். தக்காளிதானாம். நீ பாத்து சொல்லு" என்றார்.

பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். சோற்றில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டு வாயில் வைத்தேன். முதலில் புளிப்பு, பிறகு உப்பு, காரம். பின்னால் லேசாக ஓர் இனிப்பு. அந்த இடத்தில்தான் நான் தவறினேன். நல்ல புளிக்கும் அப்படித்தான், பின்னால் ஓர் இனிப்பு இருக்கும். அது பழத்தின் இனிப்பு. அது இருந்தால்தான் நாங்கள் முதல் தரம் என்று பிரிப்போம். அதனால் நான் வாயைச் சப்புக்கொட்டி, "நல்லா பழுத்த பழமா பாத்து போட்டிருக்கான்யா" என்றேன். முதல் தரம் என்று என் வாயாலேயே முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் போளூர் போகும்போதெல்லாம் சாஸ் வந்தது. சின்ன பாட்டில் போதவில்லை என்று பெரிய பாட்டில் வந்தது. காலையில் கேழ்வரகு அடைக்கு, மதியம் சாமைச் சோற்றுக்கு, ராத்திரி மிச்சம் மீதிக்கு. தொட்டுக்கொள்வதாக ஆரம்பித்தது, ஊற்றிப் பிசைவதாக ஆனது. அவரும் அதையே ஊற்றிக்கொண்டார். காலி பாட்டில்களைக் கழுவிப் பரணில் அடுக்கினோம். ஒன்றில் விளக்கெண்ணெய், ஒன்றில் விதைச் சாமை, ஒன்றில் மிளகாய் விதை. பரண் நிறைந்ததே தவிர, ஏன் நிறைகிறது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

வேலூரில் துணிக்கடையில் வேலை செய்யும் என் மகள் கீதா தன் பங்குக்குச் சிறுதானியச் சத்துமாவு பாக்கெட் அனுப்பிவைத்தாள். அட்டையில் கேழ்வரகுக் கதிர் படம் போட்டிருந்தது. காய்ச்சினால் இனிப்பாக இருந்தது. முளைகட்டிய கேழ்வரகு என்றால் கொஞ்சம் இனிக்கத்தானே செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் கேழ்வரகைக் கீழே விற்றுவிட்டு, அதையே பாக்கெட்டில் வாங்கிக் குடித்தோம்.

அடுத்த புளி சீசனில் கால் விஷயம் நடந்தது. சாயங்காலம் மரத்தடியிலிருந்து வந்து வீட்டுக்குள் நடந்தேன். பின்னால் வந்த வெள்ளையன், "நில்லு" என்றார். தரையில் ஈரமாகக் கால்தடம் விழுந்திருந்தது. இடது கால் மட்டும். உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலுக்குக் கீழே புளிய ஓட்டுச் சில்லு ஒன்று ஏறி, அதைச் சுற்றிச் சீழ் பிடித்து வெளுத்துக் கிடந்தது. எத்தனை நாளாக அது அங்கே இருந்ததோ தெரியாது. எனக்கு வலிக்கவே இல்லை. அன்றைக்கு நான் பயப்பட்டது புண்ணைப் பார்த்து இல்லை, அது வலிக்காததைப் பார்த்துத்தான்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. போளூருக்குப் போனோம். அங்கே காலைப் பார்த்ததும் நேராக வேலூருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார் அவர். எதிர் சீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லை.

பெரிய மருத்துவமனைகளில் பாதி வியாதி காத்திருப்பதிலேயே வரும் போலிருக்கிறது. சீட்டு போட ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நமக்கு முன்னால் நிற்கிறவர் நம்மைவிட மோசமாக இருப்பார், அதனால் கோபப்படவும் முடியாது. காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு எங்கள் தலையில் விழவில்லை. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடியது கீதா. கடையில் அவளுக்கு லீவு கொடுக்கவில்லை. ஓடியாடிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஓர் அறையில் ஓர் இளம் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் நூல். அதன் நுனியால் பாதத்தில் அங்கங்கே தொடுவேன், தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். "ஆரம்பிக்கலையா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"முடிச்சுட்டேன்மா" என்றார் அவர்.

பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் செத்துவிட்டன என்று அர்த்தம். நீண்ட நாள் சர்க்கரை கூடுதலாக இருந்தால் இப்படி ஆகுமாம். செருப்புக் கடித்தாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. எக்ஸ்ரேயில் சுண்டுவிரல் எலும்பு வரை கிருமி போயிருந்தது. விரலை எடுத்தாக வேண்டும், அதில் சந்தேகமில்லை என்றார்கள். சந்தேகம் மிச்சப் பாதத்தைப் பற்றித்தான். சர்க்கரை இறங்கி, புண் அடங்கினால் விரலோடு போகும். இறங்காமல் மேலே பரவினால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டி வரும், அதற்கு மேலும் போகலாம்.

பாதிப் பாதத்தோடு எங்கள் மேட்டை ஏற முடியாது. அது டாக்டருக்குத் தெரியாது, எனக்கும் வெள்ளையனுக்கும் தெரியும். கால் போனால் மலை போச்சு. மரம், குழு, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கீதாவின் ஒற்றை அறையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மறுநாள் மூன்று மாதச் சர்க்கரை என்கிற பரிசோதனையின் முடிவு வந்தது. ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளுமாம். அந்த அணுக்கள் சில மாதம் உயிரோடு இருப்பதால், ஒட்டியிருப்பதை அளந்தால் கடந்த மூன்று மாதம் நாம் எப்படி இருந்தோம் என்று தெரிந்துவிடும். முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. எனக்கு அது எக்கச்சக்கமாக இருந்தது.

"மறைக்காம சொல்லுங்கம்மா. ஸ்வீட் சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"வூட்ல சக்கரை டப்பாவே இல்லீங்க."

"வெல்லம், தேன், பழ ஜூஸ்?"

"தேன் எடுக்கிற ஊர்ல இருந்துக்குனு தேனைத் தொடலீங்க. இன்னா, நான் திருடித் துன்னுட்டு வந்து பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்கள் திரும்பின.

வெள்ளையன் முன்னால் வந்தார். "அவ துன்றதில்லீங்க டாக்டரம்மா. நானே அவளோட வுட்டுட்டேங்க" என்றார். கோயிலில் சத்தியம் செய்வதுபோல் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார். டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கேட்டது இனிப்பை. நாங்கள் சொன்னதும் இனிப்பைத்தான். தொட்டுக்கொள்வதைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் கணியம்பாடியிலிருந்து வந்த பாக்கியம் அக்கா இருந்தார். அவருக்கும் காலில்தான் புண். மருமகள் தலை மறைந்தால் போதும், தலையணைக்கு அடியிலிருந்து அதிரசம் வெளியே வரும். நான் முறைத்தால், "எனுக்கு இன்னா வரப்போவுதுன்னு தெரிஞ்சிதான் துன்றேன். நீதான் ஒண்ணும் துன்னாமயே இங்க வந்து படுத்துக்கினு இருக்கிற" என்பார். எனக்குக் கோபம்தான் வரும்.

புண்ணைச் சுத்தம் செய்வது தினமும் நடந்தது. செத்துப்போன சதையை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டுப் போடுவார்கள். எனக்கு வலி இல்லாததால் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே நிற்கிற அவருக்குத்தான் முகம் வெளுத்துப்போகும். வயிற்றில் இன்சுலின் ஊசி, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, மருத்துவமனைச் சாப்பாடு. உப்பு கொஞ்சம், காரம் கொஞ்சம், வேறு எதுவும் இல்லாத சாப்பாடு. கஞ்சி, கோதுமை ரவை, அவித்த காய். சாப்பிட்ட பிறகு சாப்பிட்ட நினைப்பே இருக்காது. ஆனால் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

நான் சாப்பாட்டைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு வெள்ளையனுக்குத் தாங்கவில்லை. ஊருக்குப் போய் ஆட்டையும் மாட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் துண்டைப் பிரித்தார். உள்ளே சிவப்பு பாட்டில், புதுசு.

"போளூர்ல எறங்கி வாங்கினேன். ரெண்டு வாய் எச்சாத் துன்னுவியேன்னு" என்றார். அவர் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு சந்தோஷம் இருந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். அவர் டீ வாங்கக் கீழே போனதும் மூடியைத் திறந்தேன். சோறு இல்லை, அடை இல்லை, வாயில் வேறு எந்த ருசியும் இல்லை. சற்று முன்புதான் மாத்திரை போட்டு வாயைக் கொப்பளித்திருந்தேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

குழுவில் புளி பார்க்கும்போது இப்படித்தான் பார்ப்போம். வெறும் வாயைக் கொப்பளிக்க வேண்டும், துளி வைக்க வேண்டும், துப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் வரும் ருசியை நம்பக் கூடாது. எல்லாம் போன பிறகு கடைசியில் எது நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நல்ல புளி என்றால் இனிப்பு நடுவில் வந்து போய்விடும், புளிப்புத்தான் நிற்கும். பாகு விட்டுப் பிசைந்தது என்றால் புளிப்பு போய்விடும், இனிப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊரார் புளிக்கெல்லாம் இந்தச் சோதனையைச் செய்த நான், என் சோற்றில் ஊற்றியதற்கு ஒரு தடவைகூடச் செய்யவில்லை. சோற்றோடுதான் பார்த்தேன், சோற்றோடுதான் முதல் தரம் என்றேன்.

துப்பிவிட்டுக் காத்திருந்தேன். புளிப்பு போனது. உப்பு போனது. காரம் போனது. இனிப்பு நின்றது. தண்ணீர் குடித்தும் நின்றது. என் குழுவுக்கு எவனாவது அப்படி ஒரு புளியைக் கொண்டுவந்திருந்தால் மூட்டையோடு மேட்டிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன்.

அவர் டீயோடு வந்தார். "நல்லாக்குதா?" என்றார்.

ஊரில் யார் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்லிவிடுகிறவள் நான். பத்துப் பேர் நடுவில் வியாபாரியைக் கள்ளன் என்றிருக்கிறேன். இவர் எனக்காகத் தன் டீயைக் கசப்பாக்கிக்கொண்ட மனிதர். காலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர். நீ ஆசையாக வாங்கிவந்ததுதான் என் காலைத் தின்றது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "நல்லாக்குது. அப்பால துன்றேன்" என்றேன். பாட்டிலைப் பக்கத்து அலமாரிக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை, சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் அம்மா கட்டில் கட்டிலாக வந்தார். வார்டில் எல்லோரும் அவரை டயட் மேடம் என்பார்கள். நானே அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதுல சக்கரை கீது மேடம். எவ்ளோ கீதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அதைத்தான் அங்கே முதலில் போட வேண்டுமாம், அடுத்தடுத்து குறைந்துகொண்டே வருமாம். முதலில் தண்ணீர். அடுத்தது சர்க்கரை. அதற்கும் பிறகுதான் தக்காளி. புளிப்பும் உப்பும் சேர்த்திருப்பதால் நாக்கு அந்த இனிப்பை இனிப்பாக எடுத்துக்கொள்ளாது என்றார். "ஒரு ஸ்பூன் தொட்டுக்கிட்டா பெரிய விஷயம் இல்லம்மா. நீங்க எவ்வளவு ஊத்திக்குவீங்க?"

கையால் காட்டினேன்.

பிறகு எல்லாவற்றையும் கேட்டார். சத்துமாவைச் சொன்னேன். கீதாவுக்குப் போன் போட்டு, கடையில் அதே பாக்கெட்டை எடுத்து அட்டையைப் படிக்கச் சொன்னோம். அதிலும் சர்க்கரை இரண்டாவது இடத்தில் நின்றது. கூடவே மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று. அது சர்க்கரை என்ற பேர் இல்லாத மாவுச்சத்து, ரத்தத்துக்குள் போனால் சர்க்கரை போலவே வேகமாக ஏறும் என்றார் மேடம். குளுக்கோஸ் சிரப் என்று போட்டிருந்தாலும் சர்க்கரைதானாம். பாக்கெட் சூப், பிரெட், இனிப்பே தெரியாத சில ஊறுகாய், சர்க்கரை நோயாளிக்கு என்று எழுதிய பிஸ்கெட், எல்லாவற்றையும் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். நியாயமாக இன்னொன்றும் சொன்னார். "சாஸ் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். புண் வந்தாலே சர்க்கரை ஏறும். மாத்திரையோட அளவையும் இடையில போய்ப் பார்த்து மாத்தியிருக்கணும். ஆனா வேளாவேளைக்கு இது உள்ள போயிட்டே இருந்தா மாத்திரை என்ன பண்ணும்?"

அதற்குள் டாக்டரம்மாவும் வந்து சேர்ந்தார். பாட்டிலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வார்டுக்குள்ள இத யாரு கொண்டாந்தது?"

வாசலில் ஃபிளாஸ்க்கோடு வெள்ளையன் நின்றார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"நான்தாங்க வாங்கியாரச் சொன்னேன்" என்றேன். "அவரு வாணாம்னுதான் சொன்னாரு. நான்தான் அடம் புடிச்சேன். வூட்லயும் நான் சொல்லித்தாங்க வாங்குவாரு."

டாக்டரம்மா என்னை ஒரு பிடி பிடித்தார். நான் வாங்கிக்கொண்டேன். பாக்கியம் அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டிலை மேடம் எடுத்துப்போனார். வெள்ளையன் உள்ளே வந்து, டம்ளரில் டீயை ஊற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தனக்கும் ஊற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடித்தார்.

டயட் மேடம் போகும்போது அவரையும் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று தட்டிக்கழித்தவரைக் கீதா கையைப் பிடித்து இழுத்துப் போனாள். எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனிமேல் ஜாக்கிரதையாக இருந்தால் வியாதி வராமல் தள்ளிப்போடலாம் என்றார்கள். கசப்பு டீ குடித்துக் கிண்டல் வாங்கிய மனிதருக்குக் கிடைத்த பலன் அது.

சர்க்கரை இறங்கி நின்ற பிறகு தியேட்டருக்கு அழைத்துப்போனார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி. நடுவில் ஒரு பச்சைத் துணி. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. திறந்து பார்த்த பிறகுதான் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வோம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். நான் எங்கள் மேட்டை மனதுக்குள் ஏறிக்கொண்டிருந்தேன். ரோடு, வளைவு, பாறை, பெரிய புளியமரம், எங்கள் வாசல். மறுபடியும் ரோட்டிலிருந்து. வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே, "சுண்டுவிரல் மட்டும்தான்மா" என்றார் டாக்டரம்மா. வாசலில் அவரும் கீதாவும் நின்றிருந்தார்கள். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார், பாதம் இருக்கிறதா என்று போர்வைமேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியபோது என்னை மேட்டில் நடக்கவிடவில்லை. கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிப்போனார்கள். பிரசவத்துக்குக் கீழே இறங்கும்போது இப்படித்தான் தூக்கிப் போவார்கள். மேலே ஏறும்போது தூக்கிவந்தது என்னைத்தான் என்று கிண்டல் செய்தார்கள். புண் ஆறிய பிறகு மெத்தென்று அடியுள்ள செருப்பு வந்தது. இப்போது அதைப் போட்டுக்கொண்டு மெதுவாக நானே ஏறுகிறேன். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது அவர் வேலை. வலிக்காத கால், அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்று படுத்தபடியே பரணைப் பார்த்தேன். பாட்டில்கள் இல்லை. விளக்கெண்ணெய் தகர டப்பாவுக்கு மாறியிருந்தது, விதைச் சாமை துணி முடிச்சுக்கு மாறியிருந்தது.

"பாட்டிலு எங்கய்யா?"

"ஒடைஞ்சி பூட்ச்சி."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவர் அம்மிப் பக்கம் போய் உட்கார்ந்தார். எங்கள் புளி, பச்சை மிளகாய், உப்பு, பூண்டு. ஆம்பளை அரைக்கிற லட்சணத்தில் பாதி அம்மிக்கு வெளியே தெறித்தது. நான் எப்போது புளி பார்த்தாலும், கொப்பளிக்கிறேன், துப்புகிறேன் என்று என்னைக் கேலி செய்கிற மனிதர் அவர். சோற்றுத் தட்டை என்னிடம் கொண்டுவந்தவர், கொடுக்காமல் நின்றார். சொம்புத் தண்ணீரை எடுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார். அரைத்ததில் விரல் நுனியால் துளி தொட்டு நாக்கில் வைத்தார். அதையும் துப்பினார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

வெகு நேரம் கழித்துத் தட்டை என் கையில் கொடுத்தார்.

"புளிப்புதான் நிக்குது. துன்னு."